பெயரிட்டுச் சொன்ன பாவம்

1697-ஆம் வருஷம் ஜனவரி மாதம் 14-ஆம் தேதியை மாஸசூஸெட்ஸ் மாகாணம் முழுவதும் உபவாச நாளாக அநுஷ்டிக்க வேண்டுமென்று அரசாங்கம் கட்டளை பிறப்பித்திருந்தது. அன்று பிற்பகல் பாஸ்டன் நகரத்துத் தெற்குச் சபையின் ஆலயத்தில் ஜனங்கள் கூடியிருக்கையில், தம் ஆசனத்தைக் கடந்து பிரசங்க பீடத்துக்குப் போய்க்கொண்டிருந்த போதகர் சாமுவேல் வில்லர்டின் கையில் ஒரு காகிதத்தைக் கொடுத்துவிட்டு, போதகர் அதை உரக்க வாசிக்கத் தொடங்கியதும் எல்லாரும் பார்க்க எழுந்து நின்று, வாசித்து முடியும் வரையில் நின்றபடியே இருந்து, முடிந்ததும் தலைவணங்கி அமர்ந்தார் ஒரு கனவான். சாமுவேல் ஸ்யூவல் என்று பெயர். வயது நாற்பத்து நான்கு. கவர்னருடைய ஆலோசனைச் சபையில் அங்கத்தினர். மாகாணத்தின் உயர் நியாயஸ்தலத்தில் நியாயாதிபதி. ஊரில் பெரிய செல்வர்களில் ஒருவர். காகிதத்தில் இருந்ததோ ஒரு வேண்டுகோள். தேவனுடைய கரம் தம்மீதும் தம் குடும்பத்தின்மீதும் திரும்பத் திரும்ப விழுவதைத் தாம் உணர்வதாகவும், சேலத்தில் கூடிய விசேஷ நியாயஸ்தலத்தினால் நேர்ந்த குற்றத்தில் தமக்குத் தெரிந்த வேறெவரைக் காட்டிலும் தமக்கே சம்பந்தம் அதிகமென்றும், ஆகையால் அதன் பழியையும் அவமானத்தையும் தாம் ஏற்றுக்கொள்ள விரும்புவதாகவும், மனிதர் தம்மை மன்னிக்க வேண்டுமென்றும், தேவன் அந்தப் பாவத்தையும் தம் மற்றப் பாவங்களையும் மன்னிக்கும்படி சபையார் ஜெபிக்க வேண்டுமென்றும் அதில் எழுதியிருந்தார்.

இதன் அருமையை உணர வேண்டுமானால் அதற்கு முன் அந்த நாட்டில் நடந்ததைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நம் ஊர்ச் சேலத்துக்கும் அந்தச் சேலத்துக்கும் சம்பந்தமில்லை. இங்கிலாந்திலிருந்து கடல் கடந்துபோய்க் குடியேறிய பியூரிட்டன் கிறிஸ்தவர்கள் வேதாகமத்திலிருந்து எடுத்துத் தங்கள் துறைமுகப் பட்டினத்துக்கு வைத்துக்கொண்ட பெயர் அது. 1692-இன் தொடக்கத்தில் அதை அடுத்த சேலம் கிராமத்தில், போதகர் வீட்டுச் சிறுமிகள் இருவருக்கு இன்னதென்று விளங்காத இசிவும் அலறலும் கண்டன; சூனியம் என்று வைத்தியம் சொன்னது; சூனியம் வைத்தவர் யார் யார் என்று பெரியவர்கள் கேட்கக் கேட்கப் பெயர்கள் வந்துகொண்டேயிருந்தன. மே மாதக் கடைசியில் கவர்னர் வில்லியம் ஃபிப்ஸ் ஒன்பது பேர் கொண்ட விசேஷ நியாயஸ்தலம் ஒன்றை நியமித்தார். ஜூன் 10-ஆம் தேதி பிரிட்ஜெட் பிஷப் என்ற பெண் முதலில் தூக்கிலிடப்பட்டாள். செப்டம்பர் 22-ஆம் தேதி ஒரே நாளில் எட்டுப் பேர் தூக்கிலிடப்பட்டதோடு அந்தப் பட்டியல் பத்தொன்பதில் நின்றது. அவர்களில் பதினான்கு பேர் பெண்கள். விசாரணைக்கு உட்பட மறுத்த ஜைல்ஸ் கோரி என்னும் முதியவர் மார்மேல் பாறாங்கற்கள் ஏற்றப்பட்டு உயிர்விட்டார். சிறையிலே கிடந்து செத்தவர்கள் வேறு.

இத்தனைக்கும் ஆதாரமாக நின்ற சாட்சியம் எத்தகையது? பீடிக்கப்பட்டவர்களாகச் சொல்லப்பட்ட பெண்கள், குற்றம் சாட்டப்பட்டவளுடைய ஆவியுரு வந்து தங்களைக் கிள்ளுவதாகவும் கழுத்தை நெரிப்பதாகவும் நியாயாசனத்தின் முன்பே அலறினார்கள். அந்த உருவம் மற்றவர் கண்ணுக்குத் தெரியாது. குற்றம் சாட்டப்பட்டவள் அந்த நேரத்தில் தன் வீட்டில் படுத்து உறங்கியதை நூறு பேர் சத்தியம் செய்து சொன்னாலும் பிரயோஜனமில்லை, ஏனெனில் வந்தது அவளுடைய தேகம் அல்லவே! குற்றமற்ற ஒருவருடைய உருவத்தைச் சாத்தான் எடுத்துக்கொள்ளக்கூடுமா என்பது ஒன்றே மிஞ்சிய கேள்வி. போதகர்களில் பலர் எடுத்துக்கொள்ளக்கூடும் என்று எச்சரித்தார்கள். தலைமை நியாயாதிபதி வில்லியம் ஸ்டௌட்டன் தேவன் அதற்கு இடம் கொடார் என்று தீர்மானமாக இருந்தார். ஸ்யூவலுடைய சொந்தப் போதகராகிய வில்லர்டும் இந்தச் சாட்சியத்தை ஐயுற்றவர்களில் ஒருவர். நத்தானியேல் ஸால்டன்ஸ்டால் என்ற நியாயாதிபதி முதல் தூக்குக்குப் பிறகு நியாயாசனத்தை விட்டு விலகிக்கொண்டார். ஆகையால், காலம் அப்படி, எல்லாரும் அப்படித்தான் நம்பினார்கள் என்று ஸ்யூவலுக்காக நாம் வாதாட முற்பட்டால், அந்தக் காலத்திலேயே, அந்த அறையிலேயே, வேறுவிதமாக நடந்த ஒருவர் எதிரே வந்து நிற்கிறார்.

அந்த நியாயஸ்தலத்தின் விபரீதம் இன்னும் ஒன்று உண்டு. என் மனம் அதைவிட்டு எளிதில் அகல்வதில்லை. தான் சூனியக்காரிதான் என்று ஒப்புக்கொண்டு அதிலே நிலைத்து நின்ற எவரையும் அந்த வருஷத்தில் அவர்கள் தூக்கிலிடவில்லை. ஒப்புக்கொண்டவர்கள் மற்றவர்களுக்கு எதிராகச் சாட்சி சொல்லப் பயன்பட்டார்கள். ஐம்பதுக்கு மேற்பட்டவர்கள் இப்படி ஒப்புக்கொண்டார்கள். சாமுவேல் வார்ட்வெல் என்பவன் முதலில் ஒப்புக்கொண்டு, பிறகு மனம் பொறாமல் தான் சொன்னது பொய் என்று சொன்னான், அவனைத் தூக்கிலிட்டார்கள். தான் நிரபராதி என்ற உண்மையைச் சொன்னவளுக்குக் கயிறு. பிசாசின் புஸ்தகத்தில் கையெழுத்திட்டேன் என்று பொய் சொல்லி அழுதவளுக்கு உயிர்! ஸ்யூவலுடைய மாமனார் ஜான் ஹல் அந்தக் காலனியின் நாணயச்சாலைக்கு அதிபராக இருந்தவர், வெள்ளியின் மாற்றுப் பார்ப்பதில் பேர்போனவர். அவருடைய மருமகன் அமர்ந்திருந்த நியாயாசனத்தின் முன்போ பாவ அறிக்கை என்னும் பரிசுத்த வஸ்து கள்ள நாணயமாகப் புழங்கிற்று, புழங்கியதை வாங்கிப் பெட்டியில் போட்டுக்கொண்டவர்களில் அவரும் ஒருவர்.

தாழ்மை என்பது தன்னைப் பற்றி எந்த இழிவையும் சொல்லத் தயாராயிருப்பது என்று நினைக்கும் பக்தர்கள் நம்மிடையே நிறைய உண்டு. அவர்கள் எழுபத்தொரு வயது ரெபேக்கா நர்ஸைப் பற்றிச் சற்றுச் சிந்திக்கலாம். நோயாய்ப் படுத்திருந்த அந்தக் கிழவியிடம், உன் பெயரும் சூனியக்காரர் பட்டியலில் அடிபடுகிறது என்று தெரிவிக்கப் போனவர்கள், அவள் சொன்ன மறுமொழியைக் குறித்து வைத்திருக்கிறார்கள். திகைத்துச் சற்று நேரம் பேசாமலிருந்த பிறகு அவள், இந்த விஷயத்தில் தான் பிறவாத குழந்தையைப் போலக் குற்றமற்றவள் என்று சொல்லிவிட்டு, வயோதிகத்தில் இப்படிப்பட்ட துன்பத்தைத் தன்மீது சுமத்துவதற்குத் தான் மனந்திரும்பாமல் விட்ட எந்தப் பாவத்தைத் தேவன் தன்னிடத்தில் கண்டாரோ என்று வியந்தாளாம். இரண்டும் ஒரே மூச்சில் வருகின்றன. செய்யாததைச் செய்தேன் என்று சொல்ல அவள் கடைசிவரை இசையவில்லை. அதே சமயத்தில் தன் வாழ்நாள் முழுவதையும் திருப்பிப் பார்த்துச் செய்ததேதும் உண்டோ என்று தேடவும் அவள் தயங்கவில்லை. ஜூரிகள் முதலில் அவளை நிரபராதி என்றே தீர்த்தார்கள். ஸ்டௌட்டன் அவர்களை மீண்டும் யோசிக்கும்படி அனுப்பினார். அவள் சொன்ன ஒரு வாசகத்துக்கு விளக்கம் கேட்டார்கள். காது மந்தமான அந்தக் கிழவிக்குக் கேள்வி விழவில்லை. அவள் மௌனமே குற்றமாக, ஜூலை 19-ஆம் தேதி தூக்கிலேற்றப்பட்டாள்.

மார்கரெட் ஜேக்கப்ஸ் என்ற பெண்ணின் கதையையும் விட்டுவிட முடியாது. பதினேழு வயதுப் பெண். சிறையின் பயத்தினால் தன்னைச் சூனியக்காரி என்று ஒப்புக்கொண்டு, தன் பாட்டனார் ஜார்ஜ் ஜேக்கப்ஸையும், முன்பு அந்தக் கிராமத்தில் போதகராயிருந்த ஜார்ஜ் பரோஸையும் காட்டிக்கொடுத்தவள். பிறகு அவளால் உறங்க முடியவில்லை. தான் சொன்னதெல்லாம் பொய்யென்று நியாயாதிபதிகளிடம் சொன்னாள். உயிர் பிழைக்கும் வழி அதனால் அடைபடும் என்று தெரிந்தே சொன்னாள். நியாயாதிபதிகள் அவளுடைய பொய்யை நம்பினார்களே ஒழிய உண்மையை நம்பவில்லை. தூக்குக்கு முந்தின நாள் பரோஸைச் சந்தித்து அவள் மன்னிப்புக் கேட்டதாகவும், அவர் மன்னித்து அவளோடும் அவளுக்காகவும் ஜெபித்ததாகவும் பாஸ்டன் வியாபாரி ராபர்ட் கேலஃப் எழுதிவைத்தார். ஆகஸ்டு 19-ஆம் தேதி பாட்டனாரும் போதகரும் ஒரே நாளில் தொங்கினார்கள். அவளுக்கு உடம்பில் ஒரு கட்டி புறப்பட்டு விசாரணை தள்ளிப்போனதனால் அவள் பிழைத்தாள். 1693-இல் நிரபராதி என்று விடுதலை கிடைத்தும், சிறையில் தின்ற சோற்றுக்கும் இருந்த இடத்துக்கும் கட்டவேண்டிய பணம் இல்லாமல் மேலும் சில நாள் சிறையிலேயே கிடந்தாள். சேலத்தில் மெய்யான பாவ அறிக்கை செய்த முதல் ஆள் யார் என்று என்னைக் கேட்டால், நியாயாதிபதியை அல்ல, இந்தப் பெண்ணையே சொல்வேன்.

ஸ்யூவலுக்கு வருவோம். அவர் 1674 முதல் ஏறக்குறைய தம் மரணம் வரையில் நாட்குறிப்பு எழுதியவர். காற்று எந்தத் திசையில் அடித்தது, யார் வீட்டில் என்ன விருந்து, எந்தப் பிரசங்கத்தில் எந்த வசனம், எந்தக் குழந்தைக்கு எப்போது ஜுரம் என்பதெல்லாம் அதில் உண்டு. பியூரிட்டன்கள் ஆத்ம பரிசோதனையை ஒரு நித்திய கர்மமாகவே நடத்தியவர்கள். தன்னைப் பாவிகளில் கடைப்பட்டவன் என்று தினந்தோறும் எழுதாத பக்திமான் அவர்களில் அபூர்வம். அப்படியிருந்தும், 1692-ஆம் வருஷத்துக் கோடையில், தாம் தீர்ப்பளித்துக்கொண்டிருந்த வழக்குகளைப் பற்றி அந்த நாட்குறிப்பு ஏறக்குறைய மௌனம் சாதிக்கிறது. பரோஸும் அவரும் ஹார்வர்டு கல்லூரியில் ஒரே காலத்தில் படித்தவர்கள். பரோஸ் தூக்குமேடையில் நின்று தம் நிரபராதத்தைச் சொல்லிக் கர்த்தருடைய ஜெபத்தைப் பிழையின்றி ஒப்பித்ததில் கூட்டம் கலங்கிற்று. சூனியக்காரனால் அந்த ஜெபத்தைத் தடுமாறாமல் சொல்ல இயலாது என்பது அக்கால நம்பிக்கை. ஸ்யூவல் அன்று எழுதியதோ, யோசனையற்ற ஜனங்கள் மனமிளகினார்கள் என்ற அளவில்தான். பின்னொரு காலத்தில் அந்தக் குறிப்புகளின் ஓரத்தில் துக்கச் சொற்களைச் சேர்த்திருக்கிறார். ஓரிடத்தில் லத்தீனில் ஐயோ என்று மூன்று தரம். ஆத்ம பரிசோதனையிலே இவ்வளவு தேர்ச்சி பெற்ற ஒரு சமூகம்தான் சேலத்தை நடத்திற்று என்பதை நாம் கவனிக்க வேண்டும். பொதுப்படத் தன்னைப் பாவி என்று நிந்தித்துக்கொள்ளும் பழக்கம், இன்ன நாளில் இன்னாருக்கு நான் செய்தது என்ன என்ற கேள்வியிலிருந்து ஒருவனைக் காப்பாற்றிவிடவும் கூடும்.

நம் ஆலயங்களிலும் ஞாயிற்றுக்கிழமைதோறும் சபையார் ஒரே குரலாகப் பாவ அறிக்கை சொல்கிறோம். அதை நான் இகழவில்லை, தனியே வாய்வராத நடுக்கமுற்றவனுக்கு அது கைகொடுக்கிறது. ஆனால் முந்நூறு பேரோடு சேர்ந்து நான் பாவி என்று சொல்லும்போது எனக்கு முகம் சிவப்பதில்லை. பக்கத்து ஆசனத்தில் இருப்பவர் திரும்பிப் பார்ப்பதில்லை. பாகப்பிரிவினையில் தம்பியின் கையெழுத்தை வாங்கியது எப்படி என்று அங்கே யாரும் கேட்கப்போவதில்லை.

ஸ்யூவலை அசைத்தது எது? வீட்டில் தொடர்ந்து விழுந்த சாவுகள். அவருக்கும் மனைவி ஹன்னாவுக்கும் பிறந்த பதினான்கு குழந்தைகளில் பெரும்பாலோர் அவர் கண்முன்னேயே மாண்டவர்கள். 1696 மே மாதத்தில் ஓர் ஆண் குழந்தை செத்தே பிறந்தது. டிசம்பர் 23-ஆம் தேதி, இரண்டு வயதுச் சாரா இறந்தாள். மறுநாள், பிரேதம் வீட்டிலிருக்கையில், மூத்த மகன் சாம் தகப்பனார் முன் மத்தேயு சுவிசேஷத்தின் பன்னிரண்டாம் அதிகாரத்தில் ஒரு பகுதியை லத்தீனில் ஒப்பித்தான். இரக்கத்தினும் பலியே பெரிதென்று எண்ணிக் குற்றமற்றவர்களைக் குற்றவாளிகளாகத் தீர்த்தீர்கள் என்று கிறிஸ்து பரிசேயரைக் கடிந்துகொள்ளும் இடம் அதில் வருகிறது. அந்த ஏழாம் வசனம் சேலத்துத் துயரத்தைப் பயங்கரமாக நினைப்பூட்டியது என்று அன்று அவர் எழுதினார். அதற்கு அடுத்த நாள், கிறிஸ்துமஸ் கொண்டாடாத அந்த ஊரில் சாராவை அடக்கம் செய்யப் போனவர், குடும்பக் கல்லறையின் நிலவறைக்குள் இறங்கி, தகப்பனாரைப் போன்ற மாமனார் முதல் தம் சிசுக்கள் வரையில் வரிசையாக வைக்கப்பட்டிருந்த பெட்டிகளைப் பார்த்துக்கொண்டு நின்றார். மூன்று வாரத்துக்குள் அந்தக் காகிதம் எழுதப்பட்டது.

அந்த உபவாச நாளுக்காக அரசாங்கம் வெளியிட்ட பிரகடனத்தையும் ஸ்யூவலுடைய காகிதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது நல்ல பாடம். பிரகடனம், சாத்தானும் அவனுடைய கருவிகளும் தங்கள் மத்தியில் எழுப்பிய துயரத்தில் இரு பக்கத்திலும் நேர்ந்திருக்கக்கூடிய தவறுகளைப் பற்றிப் பேசுகிறது. எழுப்பியவன் சாத்தான், தவறுகளோ தாமாகவே நேர்ந்தவை, அதுவும் இரு பக்கத்திலும், அதாவது தூக்கிலிட்டவர் பக்கத்திலும் தொங்கினவர் பக்கத்திலும்! செய்தவன் என்று ஒருவனும் அந்த வாசகத்துக்குள் அகப்படமாட்டான். அரசாங்கங்கள் என்றைக்கும் இந்த இலக்கணத்தில்தான் வருத்தம் தெரிவிக்கின்றன. ஸ்யூவலின் காகிதத்தில் சாத்தான் இல்லை. பீடிக்கப்பட்ட சிறுமிகள் இல்லை. உடனிருந்த நியாயாதிபதிகள் எண்மரும் இல்லை. காலத்தின் அறியாமை இல்லை. சாமுவேல் ஸ்யூவல் என்ற பெயர் இருக்கிறது.

தமக்குத் தெரிந்த வேறெவரையும்விடத் தமக்கே இதில் சம்பந்தம் அதிகம் என்று அவர் எழுதியது உண்மைதானா? சரித்திரக்காரனைக் கேட்டால் இல்லை என்பான். ஒன்பது பேரில் அவர் ஒருவர், தலைவர் கூட அல்லர். ஸ்டௌட்டனே அந்த நியாயஸ்தலத்தின் முதுகெலும்பு. பூர்வாங்க விசாரணைகளில் கைதிகளை அதட்டி உருட்டியவர்கள் வேறு நியாயாதிபதிகள். அப்படியானால் இதுவும் ஒரு மிகைதானோ, பக்தியின் அலங்காரமோ என்று சந்தேகிக்கலாம். பாவிகளில் தானே பிரதானமானவன் என்று அப்போஸ்தலனாகிய பவுல் சொன்ன மரபைப் பின்பற்றி அவர் எழுதியிருக்கவும் கூடும். எனக்கு வேறொன்று தோன்றுகிறது. மற்ற எட்டுப் பேருடைய நெஞ்சிலும் என்ன நடந்தது என்பது அவருக்குத் தெரியாது. தம்முடைய நெஞ்சில், பரோஸின் முகத்தைப் பார்த்தபோதும், ஸால்டன்ஸ்டாலின் காலி ஆசனத்தைப் பார்த்தபோதும் எழுந்த ஐயத்தை எப்படி அமுக்கினோம் என்பது தெரியும். தராசைப் பிடித்து ஒன்பது பங்காகப் பழியை நிறுத்துத் தன் பங்கை மட்டும் எடுத்துக்கொள்ளும் வேலை, அப்போது அவருக்கு அவசியமற்றதாகப் பட்டிருக்க வேண்டும்.

குறை சொல்ல இடமில்லை என்று நான் சொல்லவில்லை. குழந்தைகள் ஒவ்வொன்றாகச் சாவதைக் கண்டு தெய்வ தண்டனைக்கு அஞ்சிய தகப்பன் செய்து கொண்ட பரிகாரம் இது என்று ஒருவர் சொல்லலாம். காகிதத்தின் முதல் வாக்கியமே அதற்குச் சாட்சி. பயத்திலிருந்து பிறந்த பச்சாத்தாபம் அன்பிலிருந்து பிறப்பதைவிடத் தாழ்ந்தது என்று வேதசாஸ்திரிகள் வகுத்துவைத்ததும் உண்மையே. ஆனால் கலப்பற்ற நோக்கம் வரும் வரையில் காத்திருந்து பாவ அறிக்கை செய்தவன் எவன்? அப்படிக் காத்திருப்பதும் அகம்பாவத்தின் ஒரு வேஷமாகவே முடியும். இதைவிடக் கனமான குறை ஒன்று உண்டு. ரெபேக்கா நர்ஸ் என்றோ, ஜார்ஜ் பரோஸ் என்றோ இறந்தவர் பெயர் ஒன்றும் அந்தக் காகிதத்தில் இல்லை. அவர்கள் வீட்டில் எஞ்சியிருந்தவர்களை நோக்கி அது பேசவுமில்லை. பாஸ்டன் செல்வர்களுடைய ஆலயத்தில் எழுந்து நிற்பதற்கு வேண்டிய துணிவு பெரிதுதான். ஆனால் நர்ஸின் பிள்ளைகள் வீட்டு வாசலில் போய் நிற்பதற்கு வேண்டியது அதனினும் பெரிது. அதே காலத்தில் சேலத்து ஜூரிகள் பன்னிரண்டு பேர் கையெழுத்திட்டு வெளியிட்ட பத்திரம் இந்த அம்சத்தில் நியாயாதிபதியை மிஞ்சிவிடுகிறது. தாங்கள் மயக்கத்தில் இருந்ததாகச் சமாதானம் சொல்லிக்கொண்டாலும், குற்றமற்ற இரத்தத்தின் பழி தங்கள்மேல் இருக்கக்கூடுமென்று அஞ்சுவதாகச் சொல்லி, முக்கியமாகப் பாதிக்கப்பட்டு உயிரோடிருப்பவர்களிடமே அவர்கள் மன்னிப்புக் கேட்டார்கள்.

ஸ்டௌட்டன் கடைசிவரை கேட்கவில்லை. ஸ்யூவல் எழுந்து நின்ற செய்தி காதில் விழுந்தபோது, நியாயாசனத்தில் அமர்ந்த காலத்தில் தேவபயத்தோடு தம் அறிவுக்கு எட்டியபடி தீர்ப்புச் சொன்னதாகவும், அது தவறென்று பிற்பாடு தெரியவந்தாலும் பகிரங்கமாக ஒப்புக்கொள்ள அவசியம் எதையும் தாம் காணவில்லை என்றும் அவர் சொன்னதாகத் தாமஸ் ஹட்சின்ஸனின் சரித்திரம் கூறுகிறது. இந்த விடையில் பொய் இருப்பதாகத் தெரியவில்லை என்பதுதான் இதிலுள்ள திகில். நல்லெண்ணத்தோடு செய்தேன் என்பது பெரும்பாலும் உண்மையாகவே இருக்கும். அந்த உண்மையைக் கேடயமாகப் பிடித்துக்கொண்டு ஆயுள் முழுவதையும் கழித்துவிடலாம்.

பெவர்லி ஊர்ப் போதகர் ஜான் ஹேல் வழக்குகளுக்கு ஆதரவாக இருந்தவர். சிறுமிகளில் ஒருத்தி அவருடைய சொந்த மனைவியின் பெயரைச் சொன்ன பிறகு அவருக்குச் சந்தேகம் பிறந்தது. இதைக் கேட்டுச் சிரிப்பவர்கள் சிரிக்கட்டும். அவர் பின்னர் தம் பிழையை ஆராய்ந்து ஒரு புஸ்தகமே எழுதினார், அவர் இறந்த பின் 1702-இல் அது அச்சாயிற்று. 1692-இல் பன்னிரண்டு வயதுச் சிறுமியாக அநேகரைக் காட்டிக்கொடுத்த ஆன் பட்னம், 1706 ஆகஸ்டு மாதத்தில், தாய் தகப்பனை இழந்து தம்பி தங்கைகளை வளர்த்துக்கொண்டிருந்த நிலையில், சேலம் கிராமச் சபையில் எழுந்து நிற்க, புதிய போதகர் ஜோசப் கிரீன் அவளுடைய அறிக்கையை வாசித்தார். சாத்தானின் மயக்கம் என்ற பேச்சு அதில் தாராளமாக இருக்கிறது. கோபத்தினாலோ வன்மத்தினாலோ செய்யவில்லை என்ற சமாதானமும் இருக்கிறது. ஆனாலும் ரெபேக்கா நர்ஸ் என்ற பெயரை அவள் சொன்னாள்; நர்ஸையும் அவளுடைய சகோதரிகள் இருவரையும் குற்றம் சாட்டியதற்காகப் புழுதியில் கிடக்க விரும்புவதாகச் சொன்னாள். அந்தச் சபையில் நர்ஸ் குடும்பத்தாரும் இருந்தார்கள். ஒரு வகையில் நியாயாதிபதிக்கும் இந்தப் பெண்ணுக்கும் இடையே ஒரு முழுமையான பாவ அறிக்கை பாதி பாதியாகப் பங்கிடப்பட்டுக் கிடக்கிறது: அவர் தம் பெயரைச் சாக்கின்றிச் சொன்னார், இறந்தவள் பெயரைச் சொல்லவில்லை, இவள் இறந்தவள் பெயரைச் சொன்னாள், சாக்கை விடவில்லை.

எழுந்து நின்று அமர்ந்ததனால் ஸ்யூவல் பரிசுத்தவானாகிவிடவில்லை. அப்படி ஆகியிருந்தால் எனக்கு அவரிடத்தில் இவ்வளவு சிரத்தை இருந்திராது. பதவியை விடவில்லை, 1718-இல் தலைமை நியாயாதிபதியாகவே உயர்ந்தார். ஆண்கள் பொய்முடி தரித்துக்கொள்வதை மகாபாவமென்று கருதி, அதற்காகப் போதகர்களோடும் இளைஞர்களோடும் வாதித்துக்கொண்டிருந்தார். மனைவி இறந்த பிறகு, அறுபத்தெட்டு வயதில் ஒரு விதவையை மணக்க நாடியபோது, அந்த அம்மாள் கோச்சு வண்டியும் தலைக்குப் பொய்முடியும் வேண்டுமென்று சொன்னதில் கல்யாணமே நின்றுபோயிற்று. கொண்டுபோன பலகாரங்களின் விலை உட்பட அவ்வளவையும் நாட்குறிப்பில் எழுதி வைத்திருக்கிறார். ஆனால் 1700-இல், நீக்ரோ அடிமைகளை விற்பதும் வாங்குவதும் யோசேப்பை அவன் சகோதரர் விற்றதற்கு ஒப்பான பாதகம் என்று வாதாடி, நியூ இங்கிலாந்தில் அடிமை வியாபாரத்துக்கு எதிராக அச்சான முதல் பிரசுரத்தை எழுதியவரும் அவரே. அவருடைய கனவான் தோழர்களில் பலர் அடிமைகளை வைத்திருந்தவர்கள். அந்தப் பிரசுரத்தில் இன்று படிக்கக் கூசும் வாக்கியங்களும் இல்லாமலில்லை. எல்லாரும் நம்புவதைத் தாமும் நம்பி ஒருமுறை இருபது பேரைச் சாகக் கொடுத்தவர், எல்லாரும் செய்கிறார்கள் என்ற நியாயத்தை இரண்டாம் முறை அவ்வளவு சுலபமாக ஏற்றுக்கொள்ளவில்லை என்றே இதற்கு நான் அர்த்தம் செய்துகொள்கிறேன்.

மாகாணம் தன் கணக்கைத் தீர்த்த விதம் வேறு. 1711-இல், மனுச் செய்த குடும்பத்தாருக்காகத் தண்டனைகள் சிலவற்றை ரத்துச் செய்து 578 பவுனும் 12 ஷில்லிங்கும் ஈட்டுத் தொகையாகக் கொடுத்தது. மனுச் செய்ய ஆளில்லாதவர்கள் விடுபட்டார்கள். 1942-இல் ஆல்பர்ட் ஹெர்ட்டர் என்ற ஓவியர் வரைந்த பெரிய சுவர்ச் சித்திரம் ஒன்று, நியாயாதிபதி எழுந்து நிற்கும் காட்சியைக் காட்டுவது, மாஸசூஸெட்ஸ் பிரதிநிதி சபையின் மண்டபத்தை இப்போது அலங்கரிக்கிறது. சகிப்புத் தன்மையின் உதயம் என்று அதற்குத் தலைப்பு. ஒரு மனிதன் அவமானமென்று சுமந்ததை ராஜ்யம் பெருமையாக மாட்டிக்கொண்டிருக்கிறது. அந்த ராஜ்யம் 1957-இல் சேலத்து வழக்குகளுக்காக வருத்தம் தெரிவித்துத் தீர்மானம் நிறைவேற்றியபோது, ஆன் புடியேட்டர் என்ற ஒருத்தியின் பெயரை எழுதி, மிஞ்சியவர்களை மற்றும் சிலர் என்று முடித்துவிட்டது. அந்தச் சிலரில் ஐந்து பெண்களுக்குப் பெயர் கிடைக்க 2001 ஆயிற்று. அப்போதும் ஒருத்தி விடுபட்டாள். ஆண்டோவர் ஊரைச் சேர்ந்த எலிசபெத் ஜான்ஸன், இருபத்திரண்டு வயதில் பயந்து பொய்யாக ஒப்புக்கொண்டவள். 1693-இல் மரண தண்டனை விதிக்கப்பட்டுக் கவர்னரால் உயிர் பிழைத்தவள். தன் பெயரையும் சேர்க்கும்படி 1712-இல் மனுக்கொடுத்தும் யாரும் கவனிக்காமல் விட்டவள். எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் சிலர் தங்கள் ஆசிரியையோடு அவளுடைய காகிதங்களைத் தேடிப் படித்துச் சட்டசபைக்கு எழுதினார்கள். 2022 ஜூலையில், வருஷாந்தர வரவுசெலவுத் திட்டத்தோடு சேர்த்து நிறைவேறிய ஒரு பிரிவில், எலிசபெத் ஜான்ஸன் என்ற பெயரும் எழுதப்பட்டது.